வெண்டைக்காய் நுனியை ஒடிக்காதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

போன ஞாயிற்றுக்கிழமை காலை ஆறரை மணிக்குப் பாளையங்கோட்டை மகாராஜநகர் உழவர் சந்தைக்குப் போயிருந்தேன். ஒரு வெண்டைக்காய்க் குவியலுக்கு முன்னால் நல்ல கூட்டம். என் பக்கத்தில் நின்றவர் ஒவ்வொரு காயாக எடுத்துக் கட்டைவிரலால் நுனியை ஒடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒடியாமல் வளைந்ததைக் குவியலிலேயே போட்டார். ஒடிந்ததிலும் எல்லாவற்றையும் எடுக்கவில்லை, அரைக் கிலோ வந்ததும் மிச்சத்தைத் தள்ளி வைத்துவிட்டுப் போய்விட்டார். அவருக்குப் பின்னால் வந்த அம்மாவும் அதையேதான் செய்தார். அடுத்தவரும் அப்படித்தான்.

விற்றுக்கொண்டிருந்த பெண் ஒரு வார்த்தை சொல்லவில்லை. கூட்டம் குறைந்ததும் நுனி போன காய்களைப் பொறுக்கித் தனியாக ஒரு சாக்கில் போட்டார். நான் அதை நிறுக்கச் சொன்னேன். ஒரு கிலோ இருநூறு கிராம் இருந்தது. “இதை என்ன செய்வீக?” என்று கேட்டேன். “மாட்டுக்குத்தான் அண்ணாச்சி. நுனி கறுத்திட்டா யாரு வாங்குவா?” என்றார். விலைப்பலகையில் இருந்த விலையைக் கொடுத்து அவ்வளவையும் வாங்கிக்கொண்டேன். அவர் பாதி விலைதான் கேட்டார், நான் ஒப்புக்கொள்ளவில்லை. அன்று மத்தியானம் எங்கள் வீட்டில் வெண்டைக்காய்ப் புளிக்குழம்பு. ஒரு குறையும் இல்லை.

இதற்கெல்லாம் ஒரு கடிதமா என்று சிலர் நினைக்கலாம். நான் அரசுப் பேருந்தில் நடத்துநராக இருந்து ஓய்வு பெற்றவன். பல வருடங்கள் சீவலப்பேரிப் பக்கத்திலிருந்து பாளையங்கோட்டைக்கு வரும் முதல் நடை என் கையில் இருந்தது. அந்தக் காய் எப்படி இந்தச் சந்தைக்கு வந்து சேருகிறது என்று பக்கத்தில் இருந்து பார்த்திருக்கிறேன். அதனால்தான் எழுதுகிறேன்.

உழவர் சந்தை முதன்முதலில் மதுரை அண்ணா நகரில் 1999 நவம்பர் 14-ஆம் தேதி தொடங்கியது. அப்போது முதல்வராக இருந்தவர் கலைஞர். அப்புறம் எங்கள் மகாராஜநகருக்கும் வந்தது. அடையாள அட்டை வைத்திருக்கும் விவசாயிகளின் காய்கறி மூட்டைக்குப் பேருந்தில் சுமைக்கட்டணம் கிடையாது என்று உத்தரவு வந்த நாள் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. அதற்கு முன்னால் ஒரு மூட்டைக் கத்தரிக்காய்க்கு லக்கேஜ் டிக்கெட் கிழிக்கும்போது, முந்தானை முடிச்சை அவிழ்த்துச் சில்லறை எண்ணித் தருவார்கள். எனக்கே கை வராது. உத்தரவு வந்த பிறகு, “அட்டையைக் காட்டு தாயி, மேல ஏறு” என்று சொல்வதில் எனக்கு இருந்த நிம்மதியைச் சொல்லி முடியாது.

காலை நாலேகால் மணிக்கு வண்டி கிளம்பும். மார்கழியில் ஜன்னல் வழியாக ஒன்றும் தெரியாது, அவ்வளவு பனி. அந்த இருட்டில் நிறுத்தத்துக்கு நிறுத்தம் டார்ச் வெளிச்சம் அசையும். ஈரச்சாக்கில் சுற்றிய கீரைக்கட்டு, நார்ப்பெட்டியில் தக்காளி, சாக்கில் கத்தரியும் புடலையும். வெண்டைக்காய் கொண்டுவருகிறவர்களை மட்டும் கையைப் பார்த்தே கண்டுபிடித்துவிடலாம். வெண்டைச் செடியில் சுனை, அதாவது தொட்டால் அரிக்கும் பொடி முள், உண்டு. பழைய முழுக்கைச் சட்டையைப் போட்டு, விரலில் துணியைச் சுற்றிக்கொண்டு பறித்தாலும் அது ஏறிவிடும். டிக்கெட்டுக்குக் கையை நீட்டும்போது மணிக்கட்டு வரைக்கும் சொறிந்து சிவந்திருக்கும். விதை போட்டு நாற்பத்தைந்து நாளில் காய்க்கத் தொடங்கினால், அப்புறம் ஒருநாள் விட்டு ஒருநாள் பறித்தே ஆகவேண்டும். வீட்டில் கல்யாணமோ சாவோ, ஒருநாள் தவறினால் முற்றிப்போகும். அப்படிப் பறித்து வந்த காயைத்தான் நாம் ஒடித்துப் போட்டுவிட்டு நடக்கிறோம்.

பிஞ்சா முற்றலா என்று பார்க்க ஒடிக்கவே வேண்டாம். அந்தப் பெண்ணே எனக்குக் காட்டித் தந்தார். காயின் நடுவில் இரண்டு விரலால் லேசாக அழுத்த வேண்டும். பிஞ்சு அமுங்கிக் கொடுக்கும், முற்றல் விறைப்பாக நிற்கும். அவ்வளவுதான். நான் பத்துக் காயில் பார்த்தேன், ஒன்றுகூடத் தப்பவில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், அது பேரம். உழவர் சந்தையில் விலையை அந்தப் பெண் தன் இஷ்டத்துக்கு வைப்பதில்லை. சந்தை அலுவலர்கள் விடிவதற்கு முன்பே மொத்த விற்பனை விலையை விசாரித்து, விவசாயிகளையும் கலந்துகொண்டு அன்றைய விலையைப் பலகையில் எழுதுகிறார்கள். மொத்த விலையைவிட 20 சதவீதம் போலக் கூட இருக்கும், வெளிக்கடைச் சில்லறை விலையைவிட 15 சதவீதம் போலக் குறைவாக இருக்கும். இதுதான் கணக்கு. கடைக்கு வாடகை இல்லை, தராசும் இலவசம் என்பதால்தான் இது முடிகிறது. ஆக நமக்கு ஏற்கெனவே குறைத்துத்தான் தருகிறார்கள். அதற்கு மேலும் “ரெண்டு ரூபா குறை, கொசுறுக்குக் கறிவேப்பிலை போடு, ரெண்டு பச்சமிளகாய் சேர்த்துப் போடு” என்று நின்றால், அதெல்லாம் நேராக அவர் கூலியிலிருந்துதான் போகிறது. நடுவில் கமிஷன்காரர் யாரும் இல்லை, அந்த நஷ்டத்தைப் பங்கு போட்டுக்கொள்ள.

இதே காயை மண்டிக்குக் கொண்டுபோயிருந்தால் இறக்குகூலி, கமிஷன், மூட்டைக்குக் கழிவு என்று எல்லாம் போன பிறகு கையில் வருவதை வாங்கிக்கொண்டு திரும்ப வேண்டும். சில நாள் திரும்பும் வண்டியில் என்னிடம் கணக்குச் சொல்லி அழுதவர்கள் உண்டு. ஒரு பெரியவர் இருபது கிலோ தக்காளிக்குக் கிடைத்த பணத்தை உள்ளங்கையில் விரித்துக் காட்டினார். டிக்கெட் போக அவர் டீ குடிக்கத்தான் மிச்சம் இருந்தது. சந்தைக்கு வரத் தொடங்கிய பிறகு அதே பெரியவர் ஒருநாள் பேத்திக்குப் பள்ளிக்கூடப் பை வாங்கிக்கொண்டு வந்து என்னிடம் காட்டினார்.

இப்போது பொங்கல் நெருங்குகிறது. சிறுகிழங்கு வரத் தொடங்கிவிட்டது. திருநெல்வேலிக்காரர்களுக்கு இதைச் சொல்லவே தேவையில்லை, சிறுகிழங்கு இல்லாத பொங்கல் உண்டா? ஆனால் ‘மண்ணாக இருக்கிறது’ என்று இதற்கும் முகம் சுளிக்கிறார்கள். மண்ணோடு இருந்தால்தான் அது நேற்றுத் தோண்டிய கிழங்கு. கழுவிப் பளபளவென்று வைத்தது சீக்கிரம் வதங்கிவிடும். வீட்டுக்குக் கொண்டுவந்து நனைத்துச் சாக்கில் போட்டு, தரையில் வைத்துத் தேய்த்தால் தோலும் மண்ணும் தன்னால் கழன்றுவிடும். என் அம்மா செய்தது, இப்போது என் மருமகள் செய்கிறாள்.

சந்தை அலுவலகத்துக்கு ஒரு வேண்டுகோள். விலைப்பலகைக்குக் கீழேயே ‘வெண்டைக்காயை ஒடித்துப் பார்க்க வேண்டாம், அழுத்திப் பாருங்கள்’ என்று ஒரு வரி எழுதி வைத்தால் நன்றாக இருக்கும். வாடிக்கையாளரிடம் விவசாயியே சொல்லத் தயங்குவார், பலகை தயங்காது. வாசகர்களிடம் கேட்பது, வாரத்தில் ஒருநாளாவது ஏழு மணிக்குள் சந்தைக்குப் போங்கள். பனி காயாத கீரை அந்த நேரத்தில்தான் இருக்கும். பத்து மணிக்குப் போனாலும், மிச்சக் காயோடு திரும்பும் பஸ்ஸைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவரிடம் ஒரு கிலோ கூடுதலாக வாங்குங்கள். அந்த மூட்டையைத் திரும்ப வண்டியில் ஏற்றிவிட்டவன் என்பதால் கேட்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற பேருந்து நடத்துநர்,
தியாகராஜநகர், பாளையங்கோட்டை.