கண்ணை மூட வந்த கை

அன்பு பாப்பா,

வியாழக்கிழமை நீ போனில் அழுதபோது, "எல்லாம் சரியாயிடும்டா" என்று சொல்லிவிட்டேன். அதற்கப்புறம் நீ ஒன்றுமே பேசவில்லை. மூன்று மாதம் வயிற்றில் இருந்த பிள்ளையை இழந்தவளிடம் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது. நாலு நாளாக எனக்கு அதே நினைப்பு.

இங்கிலாந்தில் நீ இருக்கிற நாரிச் ஊரில், கிங் தெருவை ஒட்டிய சந்தில் புனித ஜூலியன் கோயில் இருக்கிறது. 1942-இல் குண்டு விழுந்து இடிந்து, பிறகு திரும்பக் கட்டியது. அறுநூறு வருஷத்துக்கு முன்னால் அந்தக் கோயிலை ஒட்டிய அறையில் ஒரு பெண் தன்னை அடைத்துக்கொண்டு தவமிருந்தார். நாரிச் ஜூலியன் என்கிறோம். ஆங்கிலத்தில் ஒரு பெண் எழுதி இன்றைக்கு நம் கைக்குக் கிடைக்கிற நூல்களில் அவருடையதுதான் மிகப் பழையது.

1373 மே மாதம், முப்பதரை வயதில் சாகக் கிடந்தார். இடுப்புக்குக் கீழே உணர்ச்சியே இல்லை. சாமியார் வந்து, சேசு சிலுவையில் தொங்கும் பாடுபட்ட சுரூபத்தை அவர் கண்ணெதிரே பிடித்தார். அதைப் பார்த்துக்கொண்டே இருந்தவருக்கு 16 காட்சிகள் வந்தன. ஒன்றில், ஜூலியனின் உள்ளங்கையில் கொட்டை அளவு சின்ன உருண்டை ஒன்றை ஆண்டவர் காட்டினார். படைத்ததெல்லாம் இதுதான் என்றார். இத்தனூண்டு பொருள் எப்படி நிலைக்கும் என்று இவர் திகைத்தார். கடவுள் அதை நேசிப்பதால் நிலைக்கிறது, என்றைக்கும் நிலைக்கும் என்று பதில் வந்தது. உன் பிள்ளையை நினைத்து அந்த இடத்தை எத்தனை தடவை படித்தேன் தெரியுமா?

என்னை உலுக்கியது வேறொன்று. படுக்கையருகே அவருடைய அம்மாவும் நின்றிருக்கிறார். மகள் போய்விட்டாள் என்று நினைத்து, கண்ணை மூடிவிடக் கையை நீட்டினாராம். சேசு படுகிற பாட்டைப் பார்த்துக்கொண்டிருந்த மகளுக்கு அந்தக் கை வலியைக் கூட்டியது. அவ்வளவு வேதனையிலும் அவருக்குப் பார்க்க வேண்டியிருந்தது. பாசத்தில்தான் அந்தத் தாய் கையை நீட்டினார். நான் சொன்னதும் அப்படித்தான் பாப்பா.

"எல்லாம் நலமாகும்" என்ற வாக்கு அவருக்கும் கிடைத்தது. ஆனால் அதை அவர் உடனே வாங்கிக்கொள்ளவில்லை. அவருக்கு ஆறேழு வயதில் வந்த கொள்ளைநோய் ஊரையே வாரிக்கொண்டு போயிருந்தது. இவ்வளவு கேடு நடந்திருக்க, எப்படி ஆண்டவரே எல்லாம் நலமாகும் என்று நேருக்கு நேர் கேட்டார். ஒரே ஒரு காட்சியை மட்டும் இருபது வருஷத்துக்கு மூன்று மாதம் குறைவாக யோசித்துக்கொண்டிருந்திருக்கிறார். உனக்குப் புயல் வராது, துன்பம் வராது என்று ஆண்டவர் சொல்லவில்லை, நீ தோற்கமாட்டாய் என்றுதான் சொன்னார் என்று எழுதுகிறார். முதலில் சின்னதாக எழுதியதைப் பிறகு விரித்து எழுதினார். கண்ணை மூட வந்த அம்மாவின் கை அந்த விரிவான நூலில் இல்லை. சேசுவே நம்மைப் பெற்ற தாய் என்று பக்கம் பக்கமாக இருக்கிறது.

1413 வாக்கில் லின் ஊரிலிருந்து மார்ஜெரி கெம்ப் அவரைத் தேடி வந்தார். 14 பிள்ளை பெற்றவர், எங்கே போனாலும் அழுகிறார் என்று பலரும் ஏசியவர். ஜூலியன் அந்த அழுகையை அடக்கச் சொல்லவில்லை, அது தூய ஆவியின் வேலை என்றார். இருவரும் பல நாள் பேசிக்கொண்டிருந்தார்களாம்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்ததும் போனை மடியிலேயே வைத்திருப்பேன். இந்தத் தடவை குறுக்கே பேசமாட்டேன். பிள்ளைக்கு என்ன பெயர் வைக்க நினைத்திருந்தாய் என்று சொல்.

அம்மா