நாய்க்குட்டி உறுமினால் அடிக்காதீர்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கோடை விடுமுறை தொடங்கிய பின் எங்கள் தெருவில் மூன்று வீடுகளுக்கு நாய்க்குட்டிகள் வந்திருக்கின்றன. மூன்றும் பிள்ளைகள் கேட்டு அழுததால் வந்தவை. மூன்று வீடுகளிலும் 10 வயதுக்குக் குறைந்த பிள்ளைகள் இருக்கிறார்கள். தொடக்கப்பள்ளி ஆசிரியையாகப் பல ஆண்டுகள் பணியாற்றியவள் என்ற முறையிலும், சென்ற ஆண்டு எங்கள் வீட்டில் நடந்த ஒன்றை அருகிலிருந்து கண்டவள் என்ற முறையிலும், இத்தகைய குடும்பங்களுக்குச் சில செய்திகளைத் தங்கள் நாளிதழ் வழியாகச் சொல்ல விரும்புகிறேன்.

என் மகன் இரண்டரை மாதமே ஆன நாட்டு நாய்க்குட்டி ஒன்றைக் கொண்டுவந்தபோது பேத்திக்கு நான்கு வயது. அவள் இறுக்கி அணைக்கும்போதெல்லாம் குட்டி முகத்தைத் திருப்பிக்கொள்ளும், உதட்டை நக்கிக்கொள்ளும், தூக்கம் வராத நேரத்திலும் கொட்டாவி விடும். ஒரு நாள் மெல்ல உறுமியது. "பிள்ளைகிட்டயா உறுமுத?" என்று என் மகன் அதன் முதுகில் ஓர் அடி வைத்தான். அதன்பின் அது உறுமவே இல்லை. குட்டி பழகிவிட்டது என்று நாங்களும் நிம்மதியடைந்தோம். நான்காம் நாள், கட்டிலுக்கு அடியில் தூங்கிக்கொண்டிருந்த குட்டியைப் பேத்தி பின்னங்காலைப் பிடித்து இழுத்திருக்கிறாள். எந்தச் சத்தமும் காட்டாமல் அது அவள் கையைக் கடித்துவிட்டது. இது நடந்தது காலையில். இரவு சோறு ஊட்டும்போதுதான் புறங்கையில் இரண்டு பற்கள் பதிந்து இரத்தம் உறைந்திருந்ததைப் பார்த்தோம். ஏன் சொல்லவில்லை என்று கேட்டதற்கு, "சொன்னா குட்டிய எங்கயாவது கொண்டு விட்டுருவீங்கல்லா" என்றாள்.

அந்தப் பதிலை நான் இன்றும் மறக்கவில்லை. உறுமல் என்பது "எனக்குப் பிடிக்கவில்லை, விலகு" என்று நாய் தன் மொழியில் சொல்லும் எச்சரிக்கை. அதை அடித்து நிறுத்தினால் எச்சரிக்கை மட்டுமே நிற்கும். அச்சம் அப்படியேதான் இருக்கும். அதேபோல், "கடித்தால் குட்டியைத் துரத்திவிடுவேன்" என்று நாங்கள் விளையாட்டாகச் சொன்ன ஒரு சொல் குழந்தையின் வாயை அடைத்துவிட்டது. குட்டி, குழந்தை என்ற இரண்டு பேருமே எங்களிடம் சொல்ல வேண்டியதைச் சொல்ல முடியாதபடி செய்தவர்கள் பெரியவர்களாகிய நாங்கள்தான்.

அன்றிரவே காயத்தைச் சோப்புப் போட்டு, ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவி, அரசு மருத்துவமனைக்குக் கொண்டுசென்றோம். இரத்தம் வந்த கடி என்பதால் வெறிநோய்க்கான (ரேபிஸ்) தடுப்பூசியுடன், அந்நோய்க் கிருமியை உடனே எதிர்க்கும் இம்யூனோகுளோபுலின் மருந்தையும் காயத்தைச் சுற்றிச் செலுத்தினார்கள். பிறகு 3, 7, 28 ஆகிய நாள்களுக்கான ஊசிகளையும் தவறாமல் போட்டு முடித்தோம். "வீட்டுக் குட்டிதானே, பால்பல்தானே, இதற்குமா ஊசி?" என்று அக்கம்பக்கத்தில் கேட்டவர்கள் பலர். குட்டிகளுக்கும் வெறிநோய் வரும். அவற்றின் கடியிலும் கீறலிலும் அது பரவும். குட்டிகளுக்கு அந்நோய்க்கான தடுப்பூசி பொதுவாக மூன்று மாத வயதில்தான் போடப்படுகிறது என்பதையும், பெரும்பாலான வீடுகளுக்குக் குட்டி வருவது அதற்கு முன்பே என்பதையும் சேர்த்துப் பார்த்தால், பற்கள் ஊசியாக இருந்து எதையும் வாயில் கவ்விப் பார்க்கும் அந்த வாரங்களில்தான் அதற்குப் பாதுகாப்பு இல்லை என்பது விளங்கும். நோயின் அறிகுறி தோன்றிவிட்டால் உயிர் பிழைப்பது ஏறக்குறைய இயலாது. எனவே, "10 நாள் குட்டியைப் பார்த்துவிட்டுப் போகலாம்" என்று காத்திருக்காமல் அன்றே ஊசியைத் தொடங்க வேண்டும். 1885-ஆம் ஆண்டு பிரெஞ்சு அறிவியலாளர் லூயி பாஸ்டரிடம் அவர் கண்டுபிடித்த வெறிநோய்த் தடுப்பூசியைப் பெற்றவன் ஒன்பது வயதுச் சிறுவன். நம் குன்னூரிலோ வெறிநோய்ச் சிகிச்சைக்காகத் தொடங்கிய பாஸ்டர் நிறுவனம் 1907 முதல் இயங்கி வருகிறது. அப்படிப்பட்ட மாநிலத்தில் நாய்க்கடியில் சுண்ணாம்பையும் காப்பித்தூளையும் அப்பும் வழக்கம் இன்னும் இருப்பது எனக்கு மிகுந்த வேதனை தருகிறது.

கடித்த பின் செய்வதைவிடக் கடிக்காமல் பார்த்துக்கொள்வது எளிது என்பதை அதன்பின் கற்றுக்கொண்டோம். ஐந்து, ஆறு வயதுக்கு உட்பட்ட குழந்தையையும் குட்டியையும் பெரியவர் ஒருவர் கண்பார்வையில் இல்லாமல் ஒன்றாக விடுவதில்லை. அடுக்களையிலிருந்து குரல் கொடுப்பது பார்த்துக்கொள்வது ஆகாது. எட்டிப் பிடிக்கும் தூரத்தில் இருக்க வேண்டும். குட்டி ஒரு நாளில் 18 மணி நேரத்துக்கும் மேல் தூங்கக்கூடியது. அதனால் மாடிப்படிக்கு அடியில் சாக்கு விரித்து, முன்னால் சுண்ணக்கட்டியால் ஒரு கோடு போட்டோம். கோட்டுக்குள் குட்டி இருந்தால் யாரும் தொடக் கூடாது. சாப்பிடும்போதும் அப்படியே. தட்டைப் பிடுங்கி அதன் பொறுமையைச் சோதிக்கும் பழக்கம் சில வீடுகளில் உண்டு. தன் சோற்றைக் காக்கக் கடிக்க வேண்டும் என்பதைத்தான் குட்டி அதிலிருந்து கற்கும்.

தொடும் முறையையும் பேத்திக்குப் பழக்கினோம். அவள் தரையில் உட்கார்ந்துகொள்வாள். குட்டி தானாக வந்தால் கழுத்தின் பக்கவாட்டில் மூன்று முறை தடவிவிட்டுக் கையை எடுத்துவிடுவாள். அது மீண்டும் நெருங்கி வந்தால் இன்னும் தடவலாம். விலகிப் போனால் விட்டுவிட வேண்டும். தூக்குவது, கட்டிப்பிடிப்பது, முகத்தோடு முகம் வைப்பது மூன்றும் கிடையாது. குழந்தை கத்திக்கொண்டு ஓடினால் குட்டி அதை விளையாட்டு என்று நினைத்துத் துரத்திக் கவ்வும். ஆகவே குட்டி துள்ளினால் கைகளைக் கட்டிக்கொண்டு சிலைபோல் நிற்கப் பழக்கினோம். கடிபட்ட குட்டி வலியில் கத்தி விளையாட்டை நிறுத்துவதைக் கண்டுதான், எவ்வளவு அழுத்திக் கடிக்கலாம் என்பதைக் குட்டிகள் தம் உடன்பிறப்புகளிடம் கற்கின்றன. எட்டு வாரம் ஆகாத குட்டிகளை விற்கக் கூடாது என்று 2017-ஆம் ஆண்டின் மத்திய அரசு விதிகள் சொல்வதில் இந்த நன்மையும் அடங்கியிருக்கிறது. கண் திறந்த சில நாள்களிலேயே தாயிடமிருந்து பிரித்துக் கொண்டுவரும் குட்டிக்கு அந்தப் பாடம் கிடைப்பதில்லை.

குடற்புழு பற்றியும் ஒரு சொல். தாயின் வயிற்றிலிருந்தே குட்டிகளுக்கு உருண்டைப் புழு வந்துவிடுகிறது. அதன் முட்டைகள் மலத்தோடு மண்ணில் கலந்து, மண்ணில் விளையாடும் பிள்ளைகளின் விரல் வழியே வயிற்றுக்குப் போகும். கால்நடை மருத்துவர் சொல்லும் இடைவெளியில் மருந்து கொடுப்பதும், மலத்தை அன்றன்றே அகற்றுவதும், பிள்ளைகள் கை கழுவுவதும் போதும்.

கால்நடை மருத்துவமனைகளில் தடுப்பூசி அட்டை கொடுக்கும்போதே, வீட்டில் சிறு பிள்ளைகள் உண்டா என்று கேட்டு இவற்றை எடுத்துச்சொல்ல ஏற்பாடு செய்யுமாறு அரசைக் கேட்டுக்கொள்கிறேன். பள்ளிகள் திறக்கும் முதல் வாரத்தில், கடித்தாலும் கீறினாலும் உடனே பெரியவர்களிடம் சொல்ல வேண்டும் என்பதையும், சொன்னால் யாரும் திட்டமாட்டார்கள் என்பதையும் ஆசிரியர்கள் ஒவ்வொரு வகுப்பிலும் சொல்ல வேண்டும். பெற்றோர் அந்த வாக்கைக் காப்பாற்ற வேண்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தொடக்கப்பள்ளி ஆசிரியை,
தென்காசி.