கையைக் கண்டால் சீறும் கிளி

அன்புள்ள சரோஜா,

உன் கடிதம் போன வாரமே வந்துவிட்டது. மாமியாருக்குக் கண் ஆபரேஷன், அந்த அலைச்சலில் பதில் எழுத முடியவில்லை. இப்போது நன்றாக இருக்கிறார். சீரியலில் யார் யார் என்று எங்களுக்கே சொல்லித்தருகிறார்.

உன் பேத்தி வாங்கிய காக்டெயில் கிளி கையைக் கண்டாலே சீறுகிறது, கடிக்கிறது என்று எழுதியிருந்தாய். கையுறை போட்டுப் பிடிக்கச் சொன்னார்களாமே? வேண்டவே வேண்டாம். மேலேயிருந்து வரும் கை கிளிக்கு வல்லூறு மாதிரி.

எங்களுடையதும் அப்படித்தான் வந்தது. பக்கத்து வீட்டார் வெளிநாடு போகும்போது கொடுத்தது. இறகு வெட்டத் துணியைப் போட்டு அமுக்கிப் பிடித்துப் பிடித்தே, விரலைப் பார்த்தால் மூலைக்கு ஓடும். கொண்டையைக் கவனிக்கத் தொடங்கிய பிறகுதான் வழி பிறந்தது. கொண்டை தலையோடு ஒட்டப் படிந்து, வாயும் திறந்தால் 'கிட்டே வராதே'. நெட்டுக்குத்தாக நின்றால் எதற்கோ திடுக்கிட்டிருக்கிறது. பாதி சாய்ந்திருந்தால் சரி, பேசலாம். படிந்த உடனே நான் கையை எடுத்துவிடுவேன். சீறினாலே ஆள் விலகிவிடுவாள் என்று தெரிந்த கிளிக்குக் கடிக்க வேண்டிய அவசியம் இல்லை. இப்படி விட்டுக்கொடுத்தால் கிளி தலைக்கு மேல் ஏறிவிடும் என்பாள் உன் பேத்தி. ஏறாது.

அப்புறம் தினை, கதிரோடு கிடைத்தால். அதைக் கிண்ணத்தில் போடக் கூடாது, கையிலிருந்து மட்டுமே கிடைக்க வேண்டும். முறைத்துப் பார்க்காமல் பக்கவாட்டில் உட்கார்ந்து, காம்பின் நுனியைப் பிடித்துக் கம்பி வழியாக நீட்டுவேன். கழுத்தை நீட்டி ஒரு மணியைக் கொறித்துவிட்டு ஓடும். நாளாக ஆகக் காம்பைக் குட்டையாக்கினேன். பிறகு கதவைத் திறந்து, கதிரை உள்ளங்கையில் வைத்து ஆடாமல் காத்திருந்தேன். ஒரு காலை என் விரலில் வைத்து, மறுகால் கம்பியை விடாமல் நின்று தின்றது. எப்போது வேண்டுமானாலும் திரும்பிவிடலாம் என்ற ஏற்பாடு! அந்த ஒற்றைக்கால் விருந்து வெகுநாள் நடந்தது. வள்ளி தினைப்புனத்தில் ஆலோலம் பாடி விரட்டிய இனத்தை, அதே தினையைக் காட்டி நான் கெஞ்சிக்கொண்டிருந்தேன். இப்போது தோளில் உட்கார்ந்து, தூக்கம் வந்தால் அலகை நறநறவென்று அரைக்கிறது. பயம் இருந்தால் அப்படிச் செய்யாது.

கூண்டைச் சுவரோரமாக வை. அடுக்களைப் பக்கம் வேண்டாம், நான்ஸ்டிக் தவா அளவுக்கு மீறிக் காய்ந்தால் வரும் புகையே கிளியைக் கொன்றுவிடும். இரவில் திடுக்கிட்டுச் சிறகடித்தால் ஒரு சின்ன விளக்கு எரியட்டும்.

மருமகனுக்குப் பச்சைக்கிளிக் குஞ்சு ஆசையாமே? 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அதை வளர்ப்பது குற்றம். காக்டெயில் ஆஸ்திரேலியப் பறவை, அந்தச் சட்டம் பாதுகாக்கும் நம் ஊர்ப் பறவைகளில் சேராது. அதோடு நிறுத்திக்கொள்ளச் சொல்.

உன் மூட்டுவலி எப்படி இருக்கிறது? அந்தத் தைலம் பிடிக்கிறதா இல்லையா என்று எழுது, எனக்கும் வேண்டும்.

அன்புடன்,
கோமதி