அப்பா நூல் வைத்து அளந்தது

அன்புள்ள பாப்பாவுக்கு,

அம்மா எழுதுகிறேன். போனில் பேசினால் 'சரிம்மா, வைக்கிறேன்' என்று முடித்துவிடுகிறாய், அதனால்தான் கடிதம். நீ அனுப்பிய டிக்கெட் படம் வந்தது. ஒரு பேருக்குத்தான் போட்டிருக்கிறது. சரி, மாப்பிள்ளைக்கு லீவு கிடைத்திருக்காது.

அப்பாவுக்கு அன்றைக்கே வேலை கிடைத்துவிட்டது. பரணிலிருந்து உலக உருண்டையை இறக்கி, என் பூக்கட்டும் நூலை எடுத்து மதுரைக்கும் சான்பிரான்சிஸ்கோவுக்கும் நடுவே இழுத்துப் பிடித்தார். கடலைத் தாண்டிப் போகும் என்று பார்த்தால், நூல் சீனா, சைபீரியா, அலாஸ்கா என்று வடக்கே ஏறி இறங்குகிறது. அதுதான் குறுக்குவழியாம், சுமார் 14,300 கிலோமீட்டர். நீ வருவதோ சிங்கப்பூர் சுற்றி. அதுவரைக்கும் 13,600, அங்கிருந்து நம் ஊருக்கு 3,000. முதல் விமானத்திலேயே 17 மணி நேரம் உட்கார வேண்டுமாம். நடுநடுவே எழுந்து நட. போன தடவை கால் வீங்கி, செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு வந்து நின்றாய்.

வெள்ளிக்கிழமை ராத்திரி ஏறினால் ஞாயிறு காலைதான் சிங்கப்பூர். சனிக்கிழமை எங்கே போயிற்று என்று தெரியாமல் கேட்டுவிட்டேன். பசிபிக் கடலில் மேற்கே தாண்டினால் ஒரு நாள் கூடிவிடும் தேதிக்கோடு பற்றி அப்பா ஒரு பாடமே நடத்தினார். திரும்பிப் போகும்போது 15 மணி நேரம் போதுமாம். உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்கே அடிக்கும் காற்று, வரும்போது எதிர்த்து நிற்கும், போகும்போது பின்னாலிருந்து தள்ளிவிடும். சிங்கப்பூரில் காலையில் ஏறினால் அதே நாள் காலையில் அங்கே இறங்கிவிடலாம் என்றார். சொல்லிவிட்டு, டிக்கெட்டை விரலால் பெரிதாக்கித் திரும்பும் தேதியைத் தேடினார். நான் அடுப்பைப் பார்க்கப் போய்விட்டேன்.

மாடி பீரோ காலியா என்று கேட்டாயே, காலி செய்துவிட்டேன். 23 கிலோவில் இரண்டு பெட்டி என்றாய். போன தடவை ஒன்றுதான். கேட்கவில்லை, சும்மா சொன்னேன்.

தெப்பக்குளத்து அத்தை வந்திருந்தாள். எத்தனை நாள் லீவு என்றாள். என் மகளுக்குக் கீழே இருபது பேர் வேலை பார்க்கிறார்கள், அவளை யார் நாள் கணக்குக் கேட்பது என்றேன். வாயை மூடிக்கொண்டாள். ஆனால் இரண்டு மாதமாக நீ ஒழுங்காகப் பேசவில்லை. பெற்றவளிடமே மறைத்தால் எப்படி?

நான் இதைக் கேட்கலாமா என்றும் தெரியவில்லை. போன வருஷம் தைப்பூசத்துக்கு முந்தின ராத்திரி கூப்பிட்டாயே. இங்கே இரண்டு மணி, உனக்குப் பகல் பன்னிரண்டரை. சாப்பாட்டு நேரத்தில் காருக்குள் உட்கார்ந்து அழுதாய். எல்லா வீட்டிலும் இருப்பதுதான், அனுசரித்துப் போ என்றேன். யார் என்று அப்பா கேட்டதற்கு ராங் நம்பர் என்றேன். உன் அழுகை காதில் விழும்போதே, அத்தைக்கு என்ன பதில் சொல்வது என்றுதான் யோசித்துக்கொண்டிருந்தேன் பாப்பா. கிளம்பி வா என்று சொல்ல வாய் வரவில்லை. அதற்குப் பிறகு நீ எதுவும் சொன்னதில்லை. எப்படிச் சொல்வாய்?

அப்பாவிடம் நேற்றுத்தான் அதைச் சொன்னேன். ஒன்றும் பேசவில்லை. உருண்டையைத் துடைத்துப் பரணில் வைத்துவிட்டார்.

ஏர்போர்ட்டுக்கு நானும் வருகிறேன். திரும்பும் டிக்கெட் போட வேண்டாம். பாஸ்போர்ட்டைக் கைப்பையில் வை. தண்ணீர் நிறையக் குடி, நடுநடுவே எழுந்து நட.

அம்மா