கையெழுத்துப் போடும் முன்

அன்புள்ள கயல்,

"0.6 கேட்டிருக்கேன்மா" என்று ஒரே வரியில் சொல்லிவிட்டுப் போனை வைத்துவிட்டாய். முழுநேர வேலையை 0.6 பங்காகக் குறைக்கக் கேட்டிருக்கிறாய் என்று புரிந்தது. ஏன் என்று நான் கேட்கவில்லை. அமெரிக்காவிலேயே தங்க அனுமதி தந்த ஜே-1 வேவரின் கட்டாயச் சேவை முடியும் வரை மாப்பிள்ளை வாரம் 40 மணி நேரத்தில் ஒரு மணியும் குறைக்க முடியாது என்பது தெரியும். ஆகவே குறைக்க வேண்டியவள் நீ என்று ஆகிவிட்டது. சரி, அந்தப் பேச்சு இப்போது வேண்டாம்.

0.6 வேண்டாம், 0.75 கேள். உன் கே மானியத்துக்கு, அதாவது இளம் ஆராய்ச்சியாளர்களுக்கு என்.ஐ.எச். (அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனம்) தரும் நிதிக்கு, முழுநேரப் பதவி நிபந்தனை. குடும்பக் காரணத்துக்காகக் குறைத்துக்கொள்ள என்.ஐ.எச். அனுமதிக்கும், ஆனால் முக்கால் நேரத்துக்குக் கீழே இறங்கக் கூடாது, தொடர்ந்து 12 மாதத்தைத் தாண்டவும் கூடாது. விண்ணப்பம் உன் பல்கலைக்கழக மானிய அலுவலகத்தின் கையெழுத்தோடு போக வேண்டும், மாற்றத்துக்கு 30 நாளாவது முன்பாக. துறைத் தலைவர் தலையாட்டினால் மட்டும் போதாது. முதல் முயற்சியிலேயே அந்த மானியத்தை வாங்கியவள் நீ. அதையா இப்படி அவசரத்தில் பணயம் வைப்பது?

விடுப்புக் கணக்கையும் பார். எஃப்.எம்.எல்.ஏ. என்ற குடும்ப, மருத்துவ விடுப்புச் சட்டத்தின் 12 வாரம் கிடைக்க, முந்தைய 12 மாதத்தில் 1,250 மணி நேரம் வேலை செய்திருக்க வேண்டும். வாரம் 40 மணி முழுநேரம் என்று வைத்தால் 0.6-க்கு ஆண்டு முழுதும் வருவது 1,248. அதுவும் ஒரு நாள்கூட லீவு போடாமல். லீவு நாள் இந்தக் கணக்கில் சேராது. 0.75-க்கு 1,560. இரண்டாவது குழந்தையைப் பற்றி நான் எதுவும் கேட்கவில்லை, கணக்கைத்தான் சொல்கிறேன். உன் கல்விக் கடன் தள்ளுபடிக்கும் வாரம் சராசரி 30 மணி வேண்டும். நாற்பதில் முக்கால் சரியாக முப்பது. அதற்குக் கீழே போனால் அந்த மாதத் தவணைகள் தள்ளுபடிக்கு வேண்டிய 120-இல் சேராது.

எனக்குப் பெரிய கவலை, எந்த வேலையிலிருந்து குறைப்பார்கள் என்பதுதான். முழுநேரம் என்றால் வாரத்துக்கு 10 அரைநாள். இப்போது ஆராய்ச்சிக்கு ஏழரை; கிளினிக், பாடம், கமிட்டி எல்லாம் சேர்த்து இரண்டரை. 0.75-இல் மொத்தமே ஏழரை. அதிலும் மானிய நிபந்தனைப்படி முக்கால் பங்கு, அதாவது சுமார் 5.6, ஆராய்ச்சிக்கே போக வேண்டும். மிச்சம் இரண்டுக்கும் குறைவு. ஆனால் கிளினிக் பட்டியல் தானாகக் குறையாது. நோயாளி காத்திருப்பது எல்லோர் கண்ணுக்கும் தெரியும், எழுதாமல் கிடக்கும் கட்டுரை தெரியாது. யாருக்கும் கெட்ட எண்ணம் இல்லாமலே கிளினிக் இரண்டரையாகவே நிற்கும், ஆராய்ச்சி ஐந்துக்கு இறங்கும். மானிய நிபந்தனையும் உடையும், பதவி உயர்வும் தள்ளிப்போகும். முக்கால் சம்பளத்துக்கு முழு வேலை செய்பவர்கள் இப்படித்தான் உருவாகிறார்கள். இந்த மானியக் காகிதங்களோடே காலம் தள்ளியவள் சொல்கிறேன், கேள்.

ஆகவே எந்த அரைநாள் கிளினிக் நிற்கிறது என்று கிழமையோடு எழுதி வாங்கு. ஆர்.வி.யு. இலக்கும் (மருத்துவ வேலையை அளக்கும் புள்ளிக் கணக்கு), அழைத்தால் வர வேண்டிய ஆன்-கால் முறையும் அதே விகிதத்தில் குறைய வேண்டும். நீ இல்லாத நாளில் நோயாளிகளின் செய்தியையும் பரிசோதனை முடிவுகளையும் பார்ப்பவர் யார் என்று பெயரோடு இருக்கட்டும். இல்லாவிட்டால் ராத்திரி பதினொரு மணிக்கு நீதான் பார்த்துக்கொண்டிருப்பாய். தினமும் கொஞ்சம் முன்னதாகக் கிளம்புகிறேன் என்று ஒத்துக்கொள்ளாதே, அந்த நேரத்தை மீட்டிங் விழுங்கிவிடும். முழு நாளாக விடு. டென்யூர் கடிகாரத்தை, அதாவது நிரந்தரப் பதவிக்கான கெடுவை, நீட்டிப்பது தானாக நடக்கும் என்று நம்பியிருக்காதே, தனியாகக் கேட்டு வாங்கு. வெளியிலிருந்து உன்னை மதிப்பிடுபவர்களுக்குப் போகும் கடிதத்தில் நீட்டித்த காலத்தைக் கணக்கில் எடுக்க வேண்டாம் என்ற வரியும் இருக்க வேண்டும். முழுநேரத்துக்குத் திரும்பும் தேதியை மறக்காமல் எழுது. தேதி இல்லாவிட்டால் உன் இடத்து மீதிச் சம்பளத்தை வேறொருவருக்கு ஒதுக்கிவிடுவார்கள்.

நீ ராஜினாமா பற்றி யோசிக்கிறாயோ என்று அப்பா கேட்கிறார். நான் பதில் சொல்லவில்லை. அப்படி ஒரு எண்ணம் இருந்தால் முதலில் என்னிடம் சொல்லம்மா, திட்ட மாட்டேன். அதுவரை 0.75. அதற்குக் கீழே வேண்டாம்.

கடித வரைவு வந்ததும் எனக்கு அனுப்பு. பார்த்துவிட்டுச் சொல்கிறேன், பிறகு கையெழுத்துப் போடலாம்.

அம்மா