பீன்ஸ் கேசரோல்: 350 டிகிரி வேண்டாம்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

தங்கள் ஞாயிறு பதிப்பின் சமையல் பக்கத்தில், குடும்ப விருந்துக்கு ஏற்றது என்று ஓவனில் சுடும் பீன்ஸ் கேசரோல் குறிப்பு ஒன்று வந்திருந்தது. நெய்ச்சோறும் ஆட்டிறைச்சிப் பெரட்டலும் இருக்கும் மேசையில் பாலும் காளானும் சேர்ந்த, காரமில்லாத ஒரு காய்கறித் தட்டு இருந்தால் பிள்ளைகளும் வயதானவர்களும் அதைத்தான் முதலில் எடுப்பார்கள். தேர்வு நல்ல தேர்வு. ஆனால் அச்சில் உள்ளபடி செய்தால் மேலே கரி, நடுவே தண்ணீர், கடித்தால் வேகாத பீன்ஸ் என்றுதான் முடியும். தீபாவளிக்கு வீட்டைத் திறந்து எல்லாரையும் வரவேற்கும் திறந்த இல்ல உபசரிப்புக்குச் செய்யலாம் என்று பலர் அந்தப் பக்கத்தை வெட்டி வைத்திருப்பார்கள். அவர்கள் சாமான் வாங்கப் போகுமுன் இந்தத் திருத்தங்களை வெளியிட வேண்டுகிறேன்.

முதலில் வெப்பநிலை. "ஓவனை 350 டிகிரிக்குச் சூடாக்கவும்" என்று போட்டிருக்கிறது. அது அமெரிக்கர்களின் பாரன்ஹீட் கணக்கு. செல்சியஸில் 177 வரும். இங்கே மலேசியாவில் நம் ஓவன்களின் குமிழில் இருப்பது செல்சியஸ். 180-இல் வைத்தால் போதும், காற்றாடி ஓடும் ஓவன் என்றால் 160. வீட்டில் வைத்திருக்கும் மேசை ஓவன்கள் பெரும்பாலும் 230 அல்லது 250-ஓடு நின்றுவிடும். 350 என்று படித்தவர் என்ன செய்வார்? குமிழைக் கடைசிவரை திருகிவிடுவார்.

அடுத்தது பீன்ஸ். "4 கப் நறுக்கிய பீன்ஸ்" என்று குறிப்பு சொல்கிறது. மூலக் குறிப்பில் இருப்பது 4 கப் வேகவைத்த பீன்ஸ். இந்தப் பதார்த்தம் 1955-இல் நியூ ஜெர்சி மாநிலத்தின் கேம்டன் நகரில், கேம்பல் சூப் நிறுவனத்தின் சோதனைச் சமையலறையில் டோர்கஸ் ரைலி தலைமையில் உருவானது. அமெரிக்க வீட்டு அலமாரியில் எப்போதும் இருக்கும் சாமான்களை வைத்தே செய்ய முடிய வேண்டும் என்பதுதான் நோக்கம். ஒரு டின் காளான் சூப், கொஞ்சம் பால், ஒரு தேக்கரண்டி சோயா சாஸ், மிளகு, பொரித்த வெங்காயம், வெந்த பீன்ஸ், அவ்வளவுதான். எல்லாமே ஏற்கெனவே வெந்த பொருள் என்பதால் ஓவனுக்கு அங்கே சூடாக்கும் வேலை மட்டும்தான். அதற்கு 25 நிமிடம் தாராளம். பச்சை பீன்ஸைக் கெட்டியான சாஸுக்குள் போட்டு அதே 25 நிமிடம் வைத்தால், அதில் பாதி நேரம் சாஸ் சூடேறவே போய்விடும். மீதி நேரத்தில் பீன்ஸ் வேகாது, தன் தண்ணீரை மட்டும் சாஸில் விடும்.

8 முதல் 10 பேருக்குப் பக்க உணவாக, நம் ஊருக்கு ஏற்ற அளவுகளைக் கீழே தருகிறேன்.

பீன்ஸ் 600 கிராம் வாங்குங்கள். சந்தையில் மலாயில் காச்சாங் பூஞ்சிஸ் என்று கேட்டால் கிடைக்கும் கேமரன் மலை பீன்ஸே போதும். விரலால் வளைத்தால் 'டக்'கென்று ஒடிய வேண்டும். வளைந்து கொடுத்தால் அது பழசு. உள்ளே விதை பருத்துத் தோலுக்கு மேலே புடைத்துத் தெரிந்தால் முற்றியது, எவ்வளவு வேகவைத்தாலும் நார் பல்லில் மாட்டும். பயத்தங்காயிலும் செய்யலாம். ஆனால் வெளிர் பச்சைப் பருமன் காய் பஞ்சு மாதிரி சாஸை உறிஞ்சித் துவண்டுவிடும். கரும்பச்சை மெல்லிய காயாகப் பாருங்கள். இரு முனையையும் கிள்ளி, 3 முதல் 4 சென்டிமீட்டர் துண்டுகளாக நறுக்குங்கள். கூட்டுக்கு அரிவது போலப் பொடியாக அரிந்தால் கேசரோல் களியாகிவிடும்.

பெரிய பானையில் 3 லிட்டர் தண்ணீர், 2 மேசைக்கரண்டி உப்பு. தண்ணீர் நன்றாகத் தளதளவென்று கொதித்த பிறகே பீன்ஸைப் போட்டு, மூடாமல் 5 நிமிடம் வேகவைக்க வேண்டும். பல் இல்லாத பெரியவர்கள் அதிகம் என்றால் 7 நிமிடம். மூடினால் பீன்ஸிலிருந்து வரும் அமிலம் ஆவியோடு வெளியே போக வழியில்லாமல் தண்ணீரிலேயே தங்கி, பச்சை நிறத்தைப் பழுப்பாக்கிவிடும். நிறத்துக்காக ஆப்பச் சோடா போடும் பழக்கம் சிலருக்கு உண்டு. நிறம் பளிச்சென்று நிற்கும், ஆனால் காய் வழவழவென்று குழையும். போட வேண்டாம். வெந்ததும் ஐஸ் தண்ணீரில் கொட்டி 3 நிமிடம் விட்டு வடிகட்டுங்கள்.

இதற்குப் பிறகு வரும் வேலையைத்தான் எல்லாரும் விட்டுவிடுகிறார்கள். வடிகட்டியில் வைத்ததோடு நிறுத்தாமல், சுத்தமான துணியில் பீன்ஸைப் பரப்பி இன்னொரு துணியால் ஒற்றி எடுக்க வேண்டும். ஒவ்வொரு துண்டின் இரண்டு வெட்டு முனையிலும் தண்ணீர் நிற்கும். 600 கிராம் பீன்ஸில் அது சாஸை ரசமாக்கப் போதுமான தண்ணீர். துணியில் ஈரத் தடம் விழாத வரைக்கும் ஒற்றுங்கள். உறைய வைத்த பீன்ஸ் வாங்கினால் அது முன்பே அரை வேக்காடு வெந்தது. வேகவைக்காமல், பனி விட்டபின் துணியில் கட்டிப் பிழிந்தாலே போதும்.

டின் சூப் இங்கேயும் பேரங்காடிகளில் கிடைக்கிறது. அவசரத்துக்கு அது போதும். ஆனால் அதில் உப்பு அதிகம்; சோயா சாஸும் பொரித்த வெங்காயமும் சேர்ந்தால் இன்னும் ஏறும். ஆகவே டின்னில் செய்பவர்கள் தனியாக உப்பே போடக்கூடாது. வீட்டிலேயே சாஸ் செய்வது என் கணக்கில் மேல். அரை மணி நேரம் கூட ஆகாது.

200 கிராம் பட்டன் காளானைத் துண்டாக்கி, அகலமான சட்டியில் ஒரு மேசைக்கரண்டி எண்ணெயில் பெரிய தீயில் வதக்குங்கள். முதலில் தண்ணீர் விடும், பிறகு அந்தத் தண்ணீர் வற்றும், அதன் பிறகுதான் ஓரம் சிவக்கும். சட்டியில் 'சொர்' என்ற சத்தம் மாறிப் பொரியும் சத்தம் வரும்வரை, 8 முதல் 10 நிமிடம் பொறுமை வேண்டும். காளானை எடுத்து வைத்துவிட்டு அதே சட்டியில் 50 கிராம் வெண்ணெயை உருக்கி, 3 பல் பூண்டைத் தட்டிப் போட்டு, கடையில் தெப்போங் காண்டும் என்று விற்கும் வெள்ளைக் கோதுமை மாவு 35 கிராம், அதாவது தட்டையாக 4 மேசைக்கரண்டி, சேர்த்துச் சிறு தீயில் 2 நிமிடம் கிளறுங்கள். பச்சை மாவு வாசம் போக வேண்டும், நிறம் மாறக் கூடாது. பிறகு 300 மில்லி பாலும், காய்ந்த சீனக் காளான் ஊறவைத்து வடிகட்டிய தண்ணீர் 150 மில்லியும். முதல் அரைக் கப்பை மட்டும் ஊற்றி மாவு கட்டியில்லாமல் பசையான பிறகே மீதியை ஊற்ற வேண்டும். மொத்தமாகக் கொட்டினால் கட்டி விழும், பிறகு சல்லடையைத்தான் தேட வேண்டியிருக்கும். கொதி வந்தபின் 2 நிமிடம் கிளறிக்கொண்டே இருங்கள். கொதித்தால்தான் மாவு முழுதாகக் கெட்டியாகும். கரண்டியின் முதுகில் விரலால் கோடு போட்டால் கோடு மூடாமல் நிற்க வேண்டும். அந்தப் பதம் வரும்வரை பீன்ஸைச் சேர்க்காதீர்கள்.

காளானையும் ஒரு தேக்கரண்டி சோயா சாஸையும் அரைத் தேக்கரண்டி வெள்ளை மிளகுத் தூளையும் கலந்து, ருசி பார்த்துக் கடைசியில் உப்பு. சோயா சாஸ் என்றால் உப்புச் சுவையுள்ள கிச்சாப் மாசின். வீட்டில் இருக்கிறதே என்று இனிப்புக் கிச்சாப்பை ஊற்றினால் சாஸ் சேற்று நிறமாகி இனிக்கும். பாலிலும் கவனம் தேவை. தே தாரேக் என்னும் ஆற்றிய பால் தேநீர் போட வைத்திருக்கும் டின்களில் பல இன்று பாலே இல்லை, பனை எண்ணெய் சேர்த்த கிரீமர். ஓவன் சூட்டில் அந்த எண்ணெய் பிரிந்து மேலே மிதக்க வாய்ப்புண்டு. லேபிளைப் படித்துப் பாருங்கள். சாதாரண முழுக்கொழுப்புப் பாலே போதும்.

சாஸில் மஞ்சளும் மசாலாத் தூளும் போடலாமே என்று கேட்பவர்கள் உண்டு. போடலாம்தான். ஆனால் மேசையில் இருக்கும் மற்ற எல்லாமே மசாலாதானே? இந்தத் தட்டின் வேலையே அந்தக் காரத்துக்கு நடுவே நாக்குக்கு ஓய்வு கொடுப்பது. மிளகோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

மூன்றாவது பிழை வெங்காயம். பொரித்த வெங்காயத்தை முதலிலேயே மேலே தூவி ஓவனில் வைக்கச் சொல்கிறது குறிப்பு. அமெரிக்க மூலத்திலேயே அப்படி இல்லை: பாதியை பீன்ஸோடு கலந்து, மீதியைக் கடைசி 5 நிமிடத்துக்குத்தான் மேலே தூவுவார்கள். அதுவும் அந்த வெங்காயம் மாவு பூசி இளம் பொன்னிறத்தில் பொரித்தது. நாம் கடையில் வாங்கும் பொரித்த வெங்காயமான பாவாங் கோரேங், சின்ன வெங்காயத்தை மெல்லிசாகச் சீவி முன்பே நன்றாகச் சிவக்கப் பொரித்தது. 25 நிமிடம் தாங்காது, கசந்துவிடும். கடைசி 3 நிமிடம் வைத்தாலே அதிகம். ஓவனிலிருந்து எடுத்தபின் தூவுவது அதைவிட நல்லது. பாக்கெட்டைப் பிரித்தவுடன் முகர்ந்து பாருங்கள். காறல் வாடை அடித்தால் அந்த ஒரு கைப்பிடி முழுத் தட்டையும் கெடுத்துவிடும்.

வீட்டில் பொரிப்பவர்கள் 250 கிராம் சின்ன வெங்காயத்தை ஒரே கனத்தில், சுமார் 2 மில்லிமீட்டருக்குச் சீவி, 2 மேசைக்கரண்டி அரிசி மாவு பிசறி, நடுத்தரத் தீயில் பொரிக்கலாம். கனம் மாறினால் மெல்லியது கருகும், தடித்தது ஈரமாக நிற்கும். விரும்பும் நிறத்துக்கு ஒரு படி முன்னதாகவே எடுத்துவிடுங்கள். எடுத்தபிறகும் தன் சூட்டில் சிவந்துகொண்டே போகும். நன்றாக ஆறியபின்தான் டப்பாவில் அடைக்க வேண்டும். பினாங்கின் ஈரக் காற்றில் திறந்து வைத்தால் அன்று மாலைக்குள் நமத்துவிடும்.

இனி ஓவன். 20-க்கு 28 சென்டிமீட்டர் பாத்திரத்தில் வெண்ணெய் தடவி, பீன்ஸ், சாஸ், ஒரு கைப்பிடி பொரித்த வெங்காயம் மூன்றையும் கலந்து பரப்புங்கள். உயரம் 4 அல்லது 5 சென்டிமீட்டருக்கு மேல் போக வேண்டாம். ஓவனை 15 நிமிடம் முன்பே சூடேற்றுங்கள். மேசை ஓவனில் மேல்கம்பி தட்டுக்கு மிக அருகில் இருப்பதால் கீழ்த்தட்டில்தான் வைக்க வேண்டும். மேலே சீக்கிரம் சிவந்தால் அலுமினியத் தாளால் தளர மூடுங்கள். 25 நிமிடத்தில் ஓரம் மட்டுமல்லாமல் நடுவிலும் குமிழ் வர வேண்டும். வெளியே எடுத்து 10 நிமிடம் வைத்தால் சாஸ் இறுகிக் கரண்டியில் நிற்கும். கடையில் வாங்கும் மெல்லிய அலுமினியத் தட்டில் செய்பவர்கள் அதன் கீழே ஒரு கனத்த பேக்கிங் தட்டைக் கொடுங்கள், இல்லாவிட்டால் தூக்கும்போது நடுவில் மடங்கிச் சாஸ் ஓவனுக்குள் கொட்டும்.

30 பேருக்கு என்றால் மூன்று மடங்கு செய்து ஒரே ஆழமான தட்டில் கொட்டாதீர்கள். நடு சூடாவதற்குள் ஓரம் வறண்டுவிடும். மூன்று தட்டுகளாக வைப்பதில் இன்னொரு நன்மையும் உண்டு. திறந்த இல்லம் என்றால் காலையிலிருந்து இரவுவரை விருந்தினர் வந்துகொண்டே இருப்பார்கள். பால் சேர்ந்த உணவு, அறைச் சூட்டில் 2 மணி நேரத்துக்கு மேல் மேசையில் இருக்கக் கூடாது. வெளியே கூடாரத்தில் 32 செல்சியஸுக்கு மேல் வெயில் என்றால் ஒரு மணி நேரம்தான். ஒரு தட்டு தீரத் தீர அடுத்ததை ஓவனில் வையுங்கள்.

முதல் நாளே வேலையை முடிக்க நினைப்பவர்கள் பீன்ஸையும் சாஸையும் தனித்தனியாகக் குளிர்பெட்டியில் வைத்து, விருந்தன்று காலையில் கலக்கலாம். குளிர்ந்த தட்டு என்றால் மூடியபடி 35 முதல் 40 நிமிடம் பிடிக்கும். கண்ணாடிப் பாத்திரத்தைக் குளிர்பெட்டியிலிருந்து எடுத்து நேராகச் சூடான ஓவனில் வைத்தால் விரிசல் விடலாம். அரை மணி நேரம் வெளியே வைத்துவிட்டு வையுங்கள். உறைபெட்டியில் வைக்கவே வேண்டாம், மாவுச் சாஸ் பனி விடும்போது தண்ணீராகப் பிரிந்துவிடும்.

சைவம் சாப்பிடுபவர்கள் வரும் வீட்டில் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். தங்கள் குறிப்பில் "சூப் கட்டி 1" என்று மட்டும் இருக்கிறது. இங்கே விற்கும் கட்டிகளில் பெரும்பாலானவை கோழி அல்லது நெத்திலி. காய்கறிப் பதார்த்தம்தானே என்று நம்பி அவர்கள் எடுத்துப் போட்டுக்கொள்வார்கள். சீனக் காளான் ஊறிய தண்ணீர் இருக்கும்போது அந்தக் கட்டிக்கே தேவை இல்லை.

உறவினர் வீட்டுக்குக் கொண்டுபோவதாக இருந்தால், ஓவனிலிருந்து எடுத்த தட்டை அலுமினியத் தாளால் இறுக மூடி, தடித்த துண்டால் சுற்றி, ஐஸ் போடாத ஐஸ்பெட்டிக்குள் வையுங்கள். பட்டர்வொர்த்திலிருந்து பினாங்குத் தீவுக்குப் பாலம் கடந்து போகும் நேரத்துக்குச் சூடு தாங்கும். பொரித்த வெங்காயம் தனி டப்பாவில், பரிமாறும் கரண்டியோடு.

இப்படிக்கு,
சமையல் வகுப்பு நடத்தும் வாசகி,
பிறை, பினாங்கு.