முதல் எண் வீட்டுக்கே

அன்புள்ள ஆசிரியருக்கு,

பூட்டிக் கிடந்த பழைய வீடுகளைச் சின்ன ஊர்க்காரர்கள் தாங்களே ஊர் வரலாற்று அருங்காட்சியகமாக்கி வருவதைப் பற்றிய கட்டுரையை உங்கள் ஞாயிறு இதழில் படித்தேன். சந்தோஷமாகத்தான் இருந்தது. ஆனால் கட்டுரையோடு வந்த படத்தில் சுவர், கதவு, ஜன்னல் எல்லாம் அப்படிப் பளபளத்தன. பார்த்ததும் வயிற்றைக் கலக்கியது.

முப்பத்தொரு வருடம் அருங்காட்சியகத்தில் பதிவேடு எழுதியவள் நான். ஒரு பொருள் உள்ளே வந்தால் அதற்கு எண் போடுவதும், யார் கொடுத்தார்கள், எங்கே இருந்தது, யார் புழங்கினார்கள் என்று கேட்டு எழுதுவதும்தான் என் வேலை. அந்தப் பழக்கத்தில் சொல்கிறேன். பழைய வீட்டை அருங்காட்சியகமாக்க நினைப்பவர்கள் பெயின்ட் டப்பாவுக்கும் கண்ணாடி அலமாரிக்கும் போகும் முன்னால் கெட்டி அட்டை போட்ட நோட்டு ஒன்று வாங்குங்கள். அதில் முதல் எண்ணை வீட்டுக்கே கொடுங்கள். வீடு என்பது மற்ற பொருள்களை வைப்பதற்கான பெட்டி இல்லை. அங்கே இருப்பதிலேயே பெரிய பொருள் அதுதான்.

இதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். அப்படி ஒரு வீட்டைத் திறப்பதற்கு முன்னால் பார்த்து யோசனை சொல்லும்படி கூப்பிட்டிருந்தார்கள். உள்ளறைக்குப் போகும் நிலைக்காலில் பென்சில் கோடுகள் இருந்தன. அந்த வீட்டுப் பிள்ளைகளை நிற்க வைத்து உயரம் குறித்த கோடுகள். பக்கத்தில் பெயரின் முதலெழுத்தும் தேதியும். கீழே இருந்த கோடு என் முழங்காலுக்குக் கொஞ்சம் மேலே, மேலே இருந்தது என் நெற்றிக்கு நேராக. ஒரு எழுத்து மட்டும் பாதி உயரத்தோடு நின்றுவிட்டது. அந்தப் பிள்ளை விடுதிக்குப் போனதா, இல்லை வேறு ஏதாவதா, தெரியவில்லை. குனிந்தும் நிமிர்ந்தும் அரை மணி நேரம் அங்கேயே நின்றேன். "இதைத் தொடாதீர்கள்" என்று வாயால் சொல்லிவிட்டு வந்தேன். எழுதிக் கொடுக்கவில்லை. என் தப்புதான்.

திறப்பு விழாவுக்குப் போனபோது அந்த நிலைக்கால் சந்தன நிறத்தில் மின்னியது. வெறும் பெயின்ட் மட்டும் என்றால்கூட, தெரிந்தவர் ஒருவர் பொறுமையாக அடுக்கடுக்காகச் சுரண்டி எடுத்தால் கோடுகள் கிடைக்க வாய்ப்பு உண்டு. இங்கே உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, பட்டி பார்த்து, அப்புறம் அடித்திருக்கிறார்கள். "அழுக்கா கிடந்துச்சும்மா, சுத்தம் பண்ணிட்டோம்" என்றார் வேலை செய்தவர். அவரைக் குறை சொல்ல மாட்டேன். அது அழுக்கு இல்லை என்று அவருக்குச் சொல்லும் ஒரு காகிதம்கூட அங்கே இல்லையே.

ஆம்ஸ்டர்டாமில் நாஜிகளுக்குப் பயந்து ஆன் ஃபிராங்க் என்ற யூதச் சிறுமி குடும்பத்தோடு ஒளிந்திருந்த வீட்டை 1960இல் அருங்காட்சியகமாகத் திறந்தார்கள். அறைகளில் சாமான் எதுவும் கிடையாது. காலியாகவே இருக்கட்டும் என்பது அவளுடைய அப்பா ஓட்டோ ஃபிராங்கின் விருப்பம். ஆனால் ஒரு சுவரில் இதே மாதிரி பென்சில் கோடுகள் இருக்கின்றன. ஆனையும் அவள் அக்கா மார்கோட்டையும் நிறுத்தி வைத்துக் குறித்தவை. 1942 ஜூலையிலிருந்து 1944 ஆகஸ்ட் வரை வெளியே தலைகாட்டாமல் இருந்த அந்தக் காலத்தில் ஆன் 13 சென்டிமீட்டருக்கு மேல் வளர்ந்திருக்கிறாள். நாற்காலி, மேசை எதுவும் சொல்லாத ஒன்றைச் சுவர்த்தாளில் போட்ட கோடு சொல்லிவிடுகிறது.

பிரபலமானவர் வாழ்ந்த வீடாக இருந்தால்தான் இதெல்லாம் என்று நினைக்க வேண்டாம். நியூயார்க்கில் ஆர்ச்சர்ட் தெரு 97ஆம் எண் கட்டடம் 1863இல் கட்டிய சாதாரண வாடகைக் குடியிருப்பு. தீப்பாதுகாப்புக்காகச் செய்ய வேண்டிய மாற்றங்களுக்குச் செலவழிக்க மனமில்லாமல் 1935இல் உரிமையாளர் குடியிருந்தவர்களைக் காலி செய்யச் சொல்லி மேல்தளங்களை மூடிவிட்டார். ஐம்பது வருடத்துக்கு மேல் அப்படியே கிடந்தது. 1988இல் அருங்காட்சியகம் தொடங்கியவர்கள் சில வீடுகளை அந்தந்தக் காலத்துக்குத் தகுந்தபடி சீர்செய்தார்கள். சிலவற்றை மட்டும் உரிந்த சுவர்த்தாளும் பெயர்ந்த பூச்சுமாக வேண்டுமென்றே விட்டுவைத்தார்கள். மக்கள் காசு கொடுத்து அதையும் போய்ப் பார்க்கிறார்கள்.

சரி, பொருள்களுக்கு வருவோம். நான் சொன்ன வீட்டில் பெயின்ட் அடித்த அந்த உள்ளறையில் இப்போது ஆறு தையல் மெஷின்கள் வரிசையாக நிற்கின்றன. ஆறிலும் "பழங்காலத் தையல் இயந்திரம்" என்று ஒரே அட்டை. சிங்கர் மெஷின் என்றால் அதன் மேல் பொறித்திருக்கும் எண்ணை வைத்து எந்த வருடம் செய்தது என்று கண்டுபிடித்துவிடலாம். அதில் யார் உட்கார்ந்து தைத்தார்கள் என்பதை எந்த எண்ணும் சொல்லாது, கொடுத்தவர்தான் சொல்ல வேண்டும். அதுவும் கொடுக்க வந்த அன்றைக்கே கேட்டால்தான் உண்டு. "அப்புறம் ஒருநாள் உட்கார்ந்து எழுதிக்கலாம்" என்று தள்ளிப்போட்டு நான் இழந்த கதைகள் எனக்குத் தெரியும்.

எழுதும் முறை ஒன்றும் பெரிய வித்தை இல்லை. 1994.7.3 என்று எண் இருந்தால், 1994இல் வந்த ஏழாவது நன்கொடையில் மூன்றாவது பொருள். காகிதத்தின் பின்பக்கம் மென்மையான பென்சிலில் அழுத்தாமல் எழுதலாம். துணி என்றால் பருத்தி நாடாவில் எண்ணை எழுதி ஓரத்தில் தைத்துவிடலாம். உலோகம், பீங்கான் மாதிரி பொருள்களுக்கு அசிட்டோனில் கரைத்த பாரலாய்ட் பி-72 என்கிற பிசினைக் கண்ணில் படாத இடத்தில் மெல்லத் தடவி, காய்ந்ததும் அதன்மேல் மையால் எழுதி, மேலே இன்னொரு பூச்சு. வேண்டாம் என்றால் பிற்பாடு துடைத்து எடுத்துவிடலாம். கூடவே கொடுத்தவரிடம் ஒரு கையெழுத்து. இரவலா, நிரந்தரமா என்பது அதில் இருக்க வேண்டும். பேரன் வந்து "எங்க தாத்தாவுடைய கடிகாரம்" என்று கை நீட்டும்போதுதான் அந்தக் காகிதத்தின் அருமை புரியும்.

பழைய கடிதங்களை லேமினேஷன் செய்கிறவர்களைப் பற்றித் தனியாக ஒரு கடிதமே எழுத வேண்டும். ஒட்டிய பிளாஸ்டிக்கைத் திரும்ப எடுப்பதற்குள் காகிதமே போய்விடும். செலோ டேப்பும் அப்படித்தான், பசை மஞ்சளாகி உள்ளே ஊறிவிடும். காகிதமும் துணியும் இருக்கிற அறையில் வெளிச்சம் 50 லக்ஸைத் (வெளிச்சத்தை அளக்கும் அலகு) தாண்டக் கூடாது என்பது பொதுவான கணக்கு. அலங்கார விளக்கு போட்டுத் தருகிறேன் என்று வருகிற அன்பர்களிடம் இதைச் சொன்னால் முகம் சுருங்கிவிடுகிறது. பரவாயில்லை, சொல்லிவிடுங்கள்.

முதல் எண்ணுக்குக் கீழே ஒவ்வொரு அறையையும் தனியாக எழுதுங்கள். தரை, கதவு, கொண்டி, சுவரில் ஆணி அடித்த தடம், விளக்குப் புகை படிந்த இடம் எல்லாம் வரட்டும். நான்கு பக்கமும் நின்று படம் எடுங்கள். அந்த நோட்டு முடிகிற வரைக்கும் பெயின்ட் அடிப்பவரை வாசலிலேயே நிறுத்துங்கள்.

அந்த நிலைக்காலை நான் முதல் தடவை போனபோது எடுத்த படம் ஒன்று என்னிடம் இருக்கிறது. கை நடுங்கி மங்கலாகத்தான் வந்திருக்கிறது, ஆனாலும் ஐந்தாறு எழுத்துகளைப் படிக்க முடிகிறது. அந்த வீட்டுக்காரர்கள் இதைப் படித்துவிட்டுக் கேட்டால் தாராளமாகத் தருகிறேன். வாங்கிக்கொண்டதற்கு எண் போட்டு ரசீது தர வேண்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற பதிவேட்டுக்காரி